வாண்டா ஓடி முடிக்க வேண்டும்

எங்கள் பல்கலைக்கழகத்தில் எதையும் மூடுவது கிடையாது. "நமது கவனத்தைக் கூர்மையாக்கிக்கொள்கிறோம்" என்று தலைவர் டாக்டர் கிரெய்க் லிண்ட்ஸ்ட்ரோம் எல்லோருக்கும் கடிதம் எழுதுவார். மறுநாள் காலை ஒரு துறையின் கதவில் பூட்டுத் தொங்கும். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்து மக்காச்சோள வயல்களுக்கு நடுவே கிடக்கும் வில்லோ ஃபோர்க் என்கிற எங்கள் ஊரில் இந்தக் கடிதங்களை வைத்தே பருவம் சொல்லிவிடலாம். சென்ற ஆகஸ்டில் வந்த கடிதத்தில் கவனம் மூன்று இடங்களில் கூர்மையாகியிருந்தது: ஜெர்மன், பாறையியல், பெண்கள் நெடுந்தூர ஓட்டம்.

அதே கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், ஃபுட்பால் மைதானத்தில் நன்கொடையாளர்கள் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும் கண்ணாடி அறைகளுக்குக் கணப்பு வைக்கும் வேலை மகிழ்ச்சியோடு அறிவிக்கப்பட்டிருந்தது. எங்கள் ஃபுட்பால்காரர்கள் உள்ளூரில் ஆட்டம் என்றாலும் முதல் நாள் இரவு தங்கள் அறையில் தூங்கமாட்டார்கள். ஐந்து நிமிட நடையில் இருக்கும் ஓட்டலில் நூற்றுப் பதினைந்து பேரும் தங்குவார்கள், மன ஒருமைப்பாட்டுக்காக. அதைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. பத்தொன்பது ஓட்டக்காரிகளின் காலணிதான் பல்கலைக்கழகத்தின் முதுகை முறித்துவிட்டதாம். உலக்கை போன இடம் தெரியாது, ஊசி போன இடத்தை ஆராய்வார்கள் என்பது எல்லா ஊருக்கும் பொதுதானே.

கடிதம் வந்த பத்தாம் நாள்தான் குட்டு உடைந்தது. விளையாட்டுத் துறையில் விதிமுறைகளைப் பார்த்துக்கொள்ளும் டோரீன் வாஸ் ஒரு தாளோடு விளையாட்டு இயக்குநர் ராண்டி கெசலின் அறைக்குள் போனாள். மேல் பிரிவில் ஆடும் பல்கலைக்கழகத்துக்குக் குறைந்தது பதினாறு விளையாட்டாவது இருக்க வேண்டும் என்பது கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் விதி. எங்களிடம் பதினேழு இருந்தன. ஒன்றை வெட்டினால் பதினாறு. சின்னப் பிள்ளைகூடப் போடும் கணக்கு.

"பதினாறு இல்ல, ராண்டி. பதினாலு" என்றாள் டோரீன்.

"ஒரு கோச், ஒரு பஸ், ஒரு அலமாரி. அது எப்படி மூணு விளையாட்டு ஆகும்?"

"இலையுதிர் காலத்துல வயல்ல ஓடுவாங்க, அது ஒண்ணு. குளிருக்குக் கூரைக்குக் கீழ ஓடுவாங்க, அது ரெண்டு. பனி உருகினதும் தடத்துல ஓடுவாங்க, அது மூணு. அதே பொண்ணுங்கதான். பதினஞ்சு வருஷமா நாம அப்படித்தான் எழுதி அனுப்புறோம். கையெழுத்து உங்களோடது."

"நான் என்ன படிச்சுட்டா கையெழுத்து போடுறேன்?" என்றார் ராண்டி.

பதினாறுக்குக் கீழே போனால் மேல் பிரிவிலிருந்து இறக்கிவிடுவார்கள். தொலைக்காட்சி வராது. கண்ணாடி அறையில் கணப்பு எரியும், எதிரே பார்க்க ஆட்டம் இருக்காது. ஆகவே மறுநாளே இன்னொரு கடிதம் வந்தது. ஓட்ட அணி எங்கும் போகவில்லை, போனதும் இல்லை. ஆனால் மிச்சப்படுத்தியாகிவிட்டது என்று ஆட்சிக் குழுவிடம் ஏற்கெனவே கைதட்டல் வாங்கியாகிவிட்டதால், இனி அணி இருக்கும், அணிக்கென்று செலவு இருக்காது. பிள்ளைகளின் உதவித்தொகை மட்டும் அரையாண்டுக்கு ஒருமுறை பரிசீலிக்கப்படும்.

அதற்குள் பயிற்சியாளர் தானியக் கிடங்கு விற்கும் வேலைக்குப் போய்விட்டார். பதினைந்து பெண்கள் வேறு பல்கலைக்கழகங்களுக்கு மாறிவிட்டார்கள். போக இடமில்லாத நான்கு பேர்தான் மிச்சம். அவர்களில் வேகமானவள் மரிசோல் க்விண்டனில்லா, செவிலியர் படிப்பில் மூன்றாம் வருடம். அவள் அப்பாவும் அம்மாவும் இரண்டு மணி நேரத் தொலைவில் பன்றி இறைச்சி ஆலையில் வேலை பார்க்கிறார்கள். உதவித்தொகை நின்றால் அவளும் கையுறை மாட்டிக்கொண்டு அவர்கள் பக்கத்தில் போய் நிற்க வேண்டியதுதான். இது அவளுக்குத் தெரியும். அதனால்தான் அப்படி ஓடுவாள்.

இங்கேதான் அடுத்த இடி. ஐந்து பேர் ஓடி முடித்தால்தான் அது அணி. அப்படி ஆறு பந்தயம் முடித்தால்தான் அது விளையாட்டு. எங்களுக்குக் கிடைத்ததே ஆறு பந்தயம்தான். ஒன்று தவறினாலும் எல்லாம் போச்சு. ஐந்தாவது ஆளுக்கு டோரீன் பல்கலைக்கழகம் முழுவதும் வலை வீசினாள். சம்பளமும் இல்லை, காலணியும் இல்லை என்று கேட்டதும் எல்லாப் பெண்களுக்கும் முழங்கால் வலித்தது.

கடைசியில் அகப்பட்டவள் வாண்டா ப்ரொஹாஸ்கா. வயது நாற்பத்தேழு. மாணவர் உணவுக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக ஆம்லெட் போடுகிறாள். ஊழியருக்கான சலுகையில் பருவத்துக்கு ஒரு பாடம் படிப்பதால் அவள் மாணவியும்கூட. ராண்டியே நேரில் வந்து ஆம்லெட் வரிசையில் நின்றார்.

"வாண்டா, உங்க வேலை விவரத்துல கடைசி வரி ஞாபகம் இருக்கா?"

"'அவ்வப்போது ஒப்படைக்கப்படும் பிற பணிகள்.' போன வருஷம் அந்த வரியைக் காட்டித்தான் கூரையில பனி தள்ள அனுப்பினீங்க."

"இந்த வருஷம் ஓடணும்."

"எங்க?"

"ஆறு கிலோமீட்டர்."

"தூரம் கேக்கல. எங்க போகணும்னு கேட்டேன்."

"எங்கயும் போக வேண்டாம். ஒரு சுத்து சுத்திட்டுக் கிளம்பின எடத்துக்கே வந்துடணும்."

"அதைத்தானே இருபத்திரண்டு வருஷமா இங்க செஞ்சிட்டிருக்கேன்" என்றாள் வாண்டா. வெங்காயம் போடவா வேண்டாமா என்று கேட்டாள்.

உத்தரவு அவள் வேலையின் பகுதி. ஆனால் ஓடும்போது அவள் வேலையில் இருக்கக் கூடாது. சம்பள நேரத்தில் ஓடினால் தொழில்முறை ஓட்டக்காரி ஆகிவிடுவாள், அணிக்குத் தகுதி போய்விடும். எனவே வேலைக்கு உட்பட்டு ஓட, வேலையை முடித்ததாகக் கார்டு அடித்துவிட்டு வர வேண்டும். முழுநேர மாணவியாகவும் இருக்க வேண்டும். டோரீன் அவளை நாற்காலி காலியாக இருந்த மூன்று பாடங்களில் சேர்த்தாள். காலியாக இருந்தவை, கவனம் கூர்மையானதால் பூட்டக் காத்திருந்த வகுப்புகள்தான். நாற்பத்தேழு வயதில் வாண்டா ஜெர்மன் வினைச்சொற்களைப் படிக்க ஆரம்பித்தாள். அவளும் ஆசிரியரும் மட்டும்.

சாப்பாட்டில் இன்னொரு சிக்கல். ஊழியர் ஆம்லெட் சாப்பிடக் கூடாது. அணி வீராங்கனை கட்டாயம் சாப்பிட வேண்டும். இதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். வாண்டா ஆம்லெட் போட்டுத் தட்டில் வைத்து, கையுறையைக் கழற்றி, கார்டு அடித்து, சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து, வரிசையில் நின்று, அதை எடுத்துக்கொள்வாள். முதல் வாரம் மாணவர்கள் சிரித்தார்கள். பிறகு வழிவிட்டார்கள்.

அணியின் பழைய சட்டைகளை நிதி திரட்டும் விருந்தொன்றில் 'நமது பாரம்பரியம்' என்று ஏலம் விட்டுவிட்டார்கள். வாண்டா உணவுக்கூடத்துக் கிடங்கிலிருந்து ஐந்து பனியன் எடுத்து வந்தாள். நெஞ்சில் 'இன்றைய சூப் என்னவென்று என்னைக் கேளுங்கள்' என்று எழுதியிருந்தது. செப்டம்பர் முழுவதும் நான்கு மாநிலங்களின் பெண்கள் எங்கள் பிள்ளைகளைத் தாண்டிப் போகும்போது சூப் என்னவென்று கேட்டார்கள். ஆனால் மரிசோலைத் தாண்டியவர்கள் குறைவு.

வாண்டாவைப் பழக்கியதும் மரிசோல்தான்.

"மூச்சை வாயால விடுங்க வாண்டா. தோளைத் தொங்கப் போடுங்க. கரண்டி பிடிக்கற மாதிரி கையை இறுக்காதீங்க."

"நீ ஓடிப் போடி. எனக்காக நிக்காத."

"நான் முதல்ல வந்தாலும் நீங்க வந்தாத்தான் எனக்குக் கணக்கு. மறந்துடாதீங்க."

மறக்க முடியுமா? ஒவ்வொரு பந்தயமும் எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. மற்ற ஊர்க்காரர்கள் முதலில் வருபவரைப் பார்க்க நிற்பார்கள். எங்கள் பெண்கள் நான்கு பேரும் கோட்டைத் தாண்டியதும் மூச்சு வாங்கியபடி திரும்பி நின்று, வயலின் கோடியில் ஒரு தொப்பி தெரிகிறதா என்று பார்ப்பார்கள். இரண்டாவது பந்தயத்தில் வாண்டா வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாள். நான்காவதில் வழி தவறி ஒரு பண்ணைக்குள் போய் நாய் துரத்தித் திரும்பி வந்தாள். அவளுடைய சிறந்த நேரம் அதுதான். ஐந்தாவதில் கால் நகம் இரண்டு போயிற்று. எப்படியோ ஐந்தும் முடிந்தன.

ஆறாவது, நவம்பரின் இரண்டாம் சனிக்கிழமை, எங்கள் ஊரிலேயே. மைதானத்துக்குப் பின்னால் இருக்கும் சோள வயலைச் சுற்றித் தடம். அன்று மதியம் ஃபுட்பால் ஆட்டமும் இருந்தது. பத்து மணிக்கு ஓட்டம் தொடங்கும். சரியாகப் பதினொன்றுக்கு முடிவுக் கோட்டைப் பிடுங்கிவிடுவார்கள், ஏனென்றால் அந்தப் புல்வெளிதான் கார் நிறுத்துமிடம். ஒன்பதரைக்கே சாலையில் கார்கள் வரிசை கட்டிவிட்டன. சிலர் பொறுக்காமல் சாலையோரத்திலேயே அடுப்பு மூட்டி சாசேஜ் வாட்டிக்கொண்டிருந்தார்கள். ஐஸ் போன்ற மழை தூறிக்கொண்டிருந்தது. கயிற்றுக்கு வெளியே மரிசோலின் அப்பாவும் அம்மாவும் ஒரே குடைக்குள் நின்றார்கள்.

வாண்டா கார்டு அடித்துவிட்டு வந்தாள். நன்றி சொல்ல ராண்டி காத்திருந்தார். அவர் சும்மா நன்றி சொல்கிறவர் அல்ல, விளக்கிச் சொல்கிறவர்.

"வாண்டா, பல்கலைக்கழகம் உங்களை மறக்காது. இன்னிக்கு நீங்க கோட்டைத் தாண்டினா இது ஒரு விளையாட்டுன்னு கணக்குல ஏறிடும். பதினாலோட சேத்துப் பதினஞ்சு ஆச்சு. ஜனவரியில கடற்கரை வாலிபால் தொடங்குறோம். பதினாறு. அதோட குளிருக்கும் பனி உருகினதும் ஓட வேண்டாம், உங்களுக்கு விடுதலை."

"கடற்கரையா? இங்கயா?"

"மைதானம் கட்டி மிஞ்சின மணல் மலையாக் கெடக்குதே. பனியை மட்டும் தள்ளிட்டா போதும்."

"அப்ப இந்த நாலு பொண்ணுங்க?"

"அவங்க பேரைப் பலகையில பதிக்கிறோம். உதவித்தொகை டிசம்பரோட முடியுது. இன்னும் அவங்ககிட்ட சொல்லல. ஓட்டத்துக்கு முன்னாடி சொன்னா மனசு கலைஞ்சுடும் பாருங்க. எனக்கு எப்பவும் பிள்ளைங்க மனநலம்தான் முதல்ல."

வாண்டா தொடக்கக் கோட்டுக்குப் போனாள். துப்பாக்கி வெடித்ததும் ஓடினாள்.

மரிசோல் ஒன்பதாவதாக வந்தாள். மற்ற மூவரும் ஒருவர் பின் ஒருவராக வந்து சேர்ந்தார்கள். முப்பத்தைந்தாவது நிமிடத்தில் மற்ற அணிகள் எல்லாம் முடித்துவிட்டுப் பேருந்தில் ஏறிக்கொண்டிருந்தன. நாற்பதாவது நிமிடம் ராண்டி நகத்தைக் கடித்தார். நாற்பத்தாறாவது நிமிடத்தில் சோளத் தட்டைகளுக்கு நடுவிலிருந்து வாண்டாவின் தொப்பி வெளியே வந்தது. பெண்கள் நான்கு பேரும் அலறினார்கள். டோரீன் கண்ணை மூடி ஜெபம் சொன்னாள்.

கோட்டுக்கு எட்டு அடி முன்னால் வாண்டா நின்றாள். பிறகு ஈரப் புல்லில் உட்கார்ந்தாள்.

"வாண்டா! கால் பிசகிடுச்சா?" என்று கத்தினாள் மரிசோல்.

"இல்லடி. கால் நல்லாத்தான் இருக்கு."

ராண்டி ஓடி வந்தார். "என்ன செய்றீங்க?"

"உக்காந்திருக்கேன். உங்க தலைவரைக் கூப்பிடுங்க."

தலைவர் கண்ணாடி அறையில் நன்கொடையாளர்களோடு இருந்தார். பேட்டரி வண்டியில் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்த்தபோது ஐம்பதாவது நிமிடம். தோளில் பல்கலைக்கழகச் சின்னம் போட்ட கம்பளி. வண்டியை விட்டு இறங்காமலே பேசினார்.

"வாண்டா... வாண்டாதானே? நாம எல்லாரும் ஒரே குடும்பம். குடும்பத்துல சிலர் மேசையில உக்காருவாங்க, சிலர் பரிமாறுவாங்க. ரெண்டுமே கௌரவம்தான். எழுந்திருங்க, உங்க சம்பளத்தை..."

"சொல்லாதீங்க!" என்று பாய்ந்தாள் டோரீன். "ஓடறதுக்குக் காசு தர்றேன்னு வாயால சொன்னாலே தொழில்முறை ஆயிடும். இந்த ஆறு பந்தயமும் போச்சு."

"அப்ப வேலையை விட்டுத் தூக்கிடுவேன்னு சொல்லலாமா?"

"இப்ப அவங்க வேலையில இல்ல. கார்டு அடிச்சுட்டாங்க. இந்த நிமிஷம் அவங்க மாணவி. மாணவி புல்லுல உக்காரக் கூடாதுன்னு நம்மகிட்ட விதி இல்ல."

"நாலு ஃபுட்பால்காரனைக் கூப்பிட்டு அலாக்காத் தூக்கி அந்தப் பக்கம் வச்சுடுவோமே!"

"கோட்டுக்கு முன்னாடி யார் விரல் பட்டாலும் தகுதி நீக்கம்."

தலைவர் மழையில் இறங்கினார். "அப்படின்னா எங்களால என்னதான் செய்ய முடியும்?"

"கைதட்டலாம்" என்றாள் டோரீன்.

ஐம்பத்துமூன்று நிமிடம். நடுவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். கார்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கின. வாண்டாவுக்குப் பல் கிட்டிக்கொண்டு வந்தது; ஆனாலும் தெளிவாகத்தான் பேசினாள்.

"டிசம்பரோட இந்த நாலு பேர் உதவித்தொகையை நிறுத்தறீங்களாம். படிப்பு முடியற வரைக்கும் தர்றோம்னு எழுதிக் கையெழுத்து போடுங்க. நான் வந்துடறேன்."

கோட்டுக்கு அந்தப் பக்கம் கத்திக்கொண்டிருந்த பெண்களுக்கு அப்போதுதான் அது தெரிந்தது. மரிசோல் கயிற்றுக்கு வெளியே இருந்த குடையைப் பார்த்தாள். அவள் அம்மாவுக்கு விஷயம் புரியவில்லை, மகள் பார்க்கிறாள் என்று கை காட்டினாள். மரிசோலும் கை காட்டினாள்.

தலைவர் டோரீனின் தாளை வாங்கினார். மழையில் பேனா எழுதவில்லை. நடுவர் பென்சில் கொடுத்தார். எழுதி நீட்டியதை டோரீன் சத்தமாகப் படித்தாள்: "தனது வளங்களுக்கு உட்பட்டு, பல்கலைக்கழகம் இயன்றவரை முயற்சி செய்யும்."

"'வளங்களுக்கு உட்பட்டு' அடிங்க" என்றாள் வாண்டா. "'இயன்றவரை' அடிங்க. 'முயற்சி'யும் அடிங்க."

"அப்புறம் வாக்கியத்துல என்ன மிஞ்சும்?"

"'தரும்' மிஞ்சும். அது போதும். கீழ நாலு பேர் பேரை எழுதுங்க. மொதல்ல மரிசோல் க்விண்டனில்லா."

ஐம்பத்தாறு நிமிடம். தலைவர் ராண்டியைப் பார்த்தார். ராண்டி மைதானத்தைப் பார்த்தார். நான்கு பிள்ளைகளின் படிப்புச் செலவு, ஓட்டலில் தூங்கும் மன ஒருமைப்பாட்டில் கால்வாசிகூட வராது. ஆனால் இத்தனை பேர் பார்க்க ஆம்லெட்காரி சொல்லிக் கொடுத்து எழுதுவது இருக்கிறதே, அதுதான் தலைவருக்குப் பொறுக்கவில்லை. நடுவரின் ஆள் ஒருவன் கோட்டுக் கம்பத்தின் ஆப்பைத் தளர்த்தத் தொடங்கினான். அதைப் பார்த்ததும் தலைவர் வேகமாக எழுதினார். நான்கு பெயர், தேதி, கையெழுத்து. டோரீன் சாட்சிக் கையெழுத்துப் போட்டுத் தாளை மடித்து மரிசோலிடம் நீட்டினாள்.

"வாங்க வாண்டா!" என்றார்கள் எல்லோரும்.

வாண்டா எழுந்திருக்கவில்லை. பிடிவாதமல்ல. பன்னிரண்டு நிமிடம் பனி ஈரத்தில் உட்கார்ந்ததில் கால்கள் இரண்டும் கட்டையாகிவிட்டன. கையை ஊன்றினாள், சரிந்தாள். ராண்டி தாங்கப் போனார். டோரீன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். தொடக் கூடாது. ஐம்பத்தெட்டு நிமிடம்.

தலைவர் கைதட்டினார். முதலில் விருந்தில் தட்டுவதுபோல விரல் நுனியால். பிறகு கம்பளி கீழே விழுந்தது தெரியாமல், இரண்டு உள்ளங்கையும் சிவக்க. "வாண்டா! வாம்மா வாண்டா! இன்னும் எட்டடிதான்!" கார்க்காரர்கள் சாசேஜ் இடுக்கியோடு ஓடி வந்து கயிற்றோரம் நின்றார்கள். என்ன பந்தயம், யார் அணி, ஒன்றும் தெரியாது, அவர்களும் கத்தினார்கள். வாண்டா முழங்காலில் வந்தாள். நாலடி. நின்றாள். மறுபடி கைகளை ஊன்றினாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் மரிசோல் சேற்றில் குப்புறப் படுத்து, முகத்துக்கு நேர் முகமாக, "மூச்சை வாயால விடுங்க, வாயால விடுங்க" என்று அழுதுகொண்டே சொன்னாள்.

ஐம்பத்தொன்பது நிமிடம் நாற்பத்தொரு விநாடி. நடுவர் எழுதிக்கொண்டார். பெண்கள் நான்கு பேரும் அவள்மேல் விழுந்தார்கள்.

அங்கதம் எழுத வந்தவன் அழக் கூடாது என்பார்கள். நான் அழுதேன். தலைவர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதினோரு வருடப் பதவியில் அவர் பார்த்த முதல் பெண்கள் ஓட்டம் இது. இதிலும் அவர் பார்த்தது எட்டு அடிதான்.

உணர்ச்சி மேலிட்டு அவர் வாண்டாவைக் காட்டியபடி மரிசோலின் தோளைத் தட்டினார். "உங்க அம்மாவை நெனச்சுப் பெருமைப்படணும்மா. நீங்க இங்கதான் படிக்கிறீங்களா?"

மரிசோல் வாண்டாவின் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே நிமிர்ந்தாள். "இப்பத்தான் சார் என் பேரை எழுதினீங்க. மொத பேரு."

"அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்றார் தலைவர். ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டதென்று ராண்டி வண்டியைத் திருப்பினார்.